ஏழாவது நாற்காலிக்கு விலை

பொற்கொடி கையில் இருந்த சீலா மீனைத் தூக்கி டிவியின் மேல் எறிந்தாள். மீன் குறி தப்பாமல் திரையில் தெரிந்த கோமதிநாயகத்தின் வாயில் பட்டு, வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. வேறு நாளாக இருந்தால் ஏலக்கூடமே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்படி எறியும்படி அந்தத் திரையில் என்னதான் நடந்தது என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்; சொல்லாமல் விட்டால் எனக்கே நெஞ்சு வெடித்துவிடும்.

பவழத்தீவுக் குடியரசின் உச்சமன்றத்தில் ஏழு நாற்காலிகள். மூன்றில் படகுக் கட்சி உட்கார வைத்த நீதிபதிகள், மூன்றில் குடைக் கட்சி உட்கார வைத்த நீதிபதிகள். எந்த வழக்கு வந்தாலும் மூன்றுக்கு மூன்று. இந்த நாட்டில் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வழக்கைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, யார் யாரை உட்கார வைத்தார்கள் என்று தெரிந்தால் போதும். ஏழாவது நாற்காலி மட்டும் வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடந்தது. படகு ஒரு பெயரைச் சொன்னால் குடை குறுக்கே விழும். குடை ஒரு பெயரைச் சொன்னால் படகு வெளிநடப்புச் செய்யும். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் நினைவுப் பூட்டுதான்.

நீதிபதியின் தலைக்குள் ஒரு கட்சிக்குச் சாதகமாக ஏதாவது ஞாபகம் இருந்தால், எதிர்க்கட்சி அதைப் பூட்டச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவர்கள் பூட்டிவிடுவார்கள். பூட்டியபின் அவர் சார்பில்லாத நீதிபதி. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். பச்சைக் குழந்தையைப் போல ஒரு நீதிபதி வேண்டுமாம் இவர்களுக்கு. இவர்கள் மட்டும் அப்படியே இருப்பார்களாம்.

ஏழாவது நாற்காலிக்குக் கடைசியில் இரண்டு தரப்பும் பேசத் தயாரான ஒரே பெயர், மாகாண நீதிபதி வடிவுக்கரசி. பொற்கொடியின் அக்கா. நியமனக் குழுவின் விசாரணையை நாடு முழுக்க நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துத்துறை மீன் ஏலக்கூடத்திலும் ஏலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏலம் கூவுகிறவளின் அக்கா அல்லவா?

ஆளும் படகுக் கட்சியின் கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “உங்க தம்பி இசக்கிமுத்து, தண்ணீர்க் கிடங்குத் துப்பாக்கிச் சூட்டுல இறந்தவர். சுடச் சொன்னது அப்ப உள்துறை அமைச்சரா இருந்த நம்ம பிரதமர் கஜபதிங்கிறது எதிர்க்கட்சியோட குற்றச்சாட்டு. அந்த வழக்கு இப்ப உச்சமன்றத்துல இருக்கு. உங்க மனசுல கோபமே இல்லைன்னு சொல்வீங்களா?”

“இருக்கு” என்றாள் வடிவுக்கரசி.

“அப்ப அதைப் பூட்டிடலாமா?”

“பூட்டலாம். கோபத்தை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க. தம்பியையே பூட்டிடுங்க.”

கண்ணிமைக்கவில்லை. குரல் தடுமாறவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அப்போதுதான் சீலா பறந்தது.

இசக்கி அன்று போராடப் போகவே இல்லை. அதைத்தான் பொற்கொடியால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மழை பொய்த்த கோடையில் அரசாங்கத் தண்ணீர்க் கிடங்கைப் பூட்டி, சாவியைத் தனியார் கம்பெனியிடம் கொடுத்தார்கள். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றது. அவனும் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். ஒலிபெருக்கியில் எச்சரித்தோம், கலையவில்லை, சுட்டோம் என்றது போலீஸ். குடமும் அவனும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். குடத்தில் தண்ணீர்கூட இல்லை.

ஏலத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, மீன் நாற்றம் அடிக்கிற சேலையோடு பொற்கொடி நேராகக் குடைக் கட்சி அலுவலகத்துக்குப் போனாள். நியமனக் குழுவில் குடைக் கட்சியின் ஆள் பொன்னுரங்கம். இசக்கி செத்தபோது பாடையைத் தோளில் சுமந்தவர். கேமரா இருந்த தெருமுனை வரைக்கும் சுமந்தார் என்பது வேறு விஷயம். இரண்டு தேர்தலுக்கு இசக்கியின் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டி ஓட்டுக் கேட்டவர்கள் இவர்கள்.

“வாம்மா, உக்காரு. காப்பி சொல்லட்டுமா?”

“உங்க காப்பி எனக்கு என்னத்துக்கு? அவங்க என் தம்பியப் பூட்டணும்னு கேக்காங்க. நீங்க முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, ஏன்?”

பொன்னுரங்கம் கதவைச் சாத்தினார். “கொடுக்கல் வாங்கல்தாம்மா. அவங்க இசக்கியைக் கேட்டாங்க. நாங்க மாசிலாமணியைக் கேட்டோம்.”

பொற்கொடிக்கு ஒரு கணம் புரியவில்லை. மாசிலாமணி ஐயா பழைய படகுக் கட்சிக்காரர். அப்பா கடலில் போனபிறகு வடிவுக்கரசியைச் சட்டக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்த மனுஷர். கட்சியெல்லாம் பார்க்காமல் செய்தவர்.

“அவரு என்ன பாவம் பண்ணுனாரு?”

“நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல. நன்றி இருந்தா தீர்ப்பு அவங்க பக்கம் சாயும். பாரு, மூணுக்கு மூணுன்னு வழக்கு தொங்குது. தொங்குற வரைக்கும் கஜபதி அடுத்த தேர்தல்ல நிக்க முடியாது. அதனால அவங்களுக்கும் ஒரு தீர்ப்பு வேணும், எங்களுக்கும் வேணும். கோபத்தை எடுத்துட்டா உங்க அக்கா அவங்க ஆளுன்னு அவங்க கணக்கு. நன்றியை எடுத்துட்டா எங்க ஆளுன்னு எங்க கணக்கு.”

“அப்ப எங்க அக்கா யாருய்யா?”

பொன்னுரங்கம் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். அவரைப் பொறுத்தவரை அது கேள்வியே இல்லை.

“நானும் ஏலம் விடுதவதான்” என்றாள் பொற்கொடி. “எங்க ஏலத்துல மீன் செத்த பொறவுதான்யா விலை பேசுவோம். நீங்க துடிக்கத் துடிக்க அறுத்துப் பங்கு போடுதீங்க. தூ!”

அவள் துப்பியது அவருடைய விரிப்பின் மேல் விழுந்தது. நல்ல விலையுயர்ந்த விரிப்பு. விழட்டும்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். துடைப்புக் குழு என்று ஒரு கும்பல் அங்கே வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. பூட்டுப் போடப்போகிறவரின் வீட்டில் அந்த ஞாபகத்தைத் தட்டி எழுப்புகிற எதுவும் இருக்கக்கூடாது. போட்டோக்கள், இசக்கி வாங்கிக் கொடுத்த சுவர்க்கடிகாரம், அவனுடைய பழைய சட்டை ஒன்று, எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. சுவரில் போட்டோ மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிய, அதன் மேலும் ஒருவன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். அரசாங்க வேலையில் இத்தனை சுத்தத்தைப் பொற்கொடி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வடிவுக்கரசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது காதில் சின்னக் கறுப்புப் பொட்டு. நியமனம் முடியும்வரை அவள் பேசுவது, அவளிடம் மற்றவர்கள் பேசுவது எல்லாம் அதில் பதிவாகும். இரண்டு கட்சிக்காரர்களும் கேட்பார்கள்.

“வாட்டி. டிவியில மீனை எறிஞ்சியாமே?”

“நீ கிட்ட இருந்தா உன் மேலதான் எறிஞ்சிருப்பேன்.” சுண்ணாம்புக்காரன் வெளியே போகும்வரைகூடப் பொற்கொடி காத்திருக்கவில்லை. “ஒரு நாற்காலிக்காகக் கூடப்பொறந்தவன வித்துட்டியேக்கா! உனக்கு எப்படி மனசு வந்துது? அவன் உன்ன என்ன கேட்டான்? சுட்டவனும் விக்கான், அழுதவனும் விக்கான், சரி, அவனுக கட்சிக்காரனுக. நீயுமா?”

வடிவுக்கரசி காதுப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். “மெதுவாப் பேசு. எல்லாம் பதிவாவுது.”

“ஆவட்டும்! நல்லாக் கேக்கட்டும்! சவத்து மூதிங்க!”

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொற்கொடிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“வெளிய நின்னு வையதுக்கு நீ இருக்க. நான் உள்ள போயி, அப்புறம் ஒதுங்கி நின்னா யாருக்குட்டி பிரயோசனம்?”

“என்ன பேசுதன்னே புரியல.”

“புரியாண்டாம். கோவத்த நீ வச்சுக்கோ. வீட்டுக்கு ஒருத்திகிட்ட இருந்தாப் போதும்.” சுவரின் ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தபடி வடிவுக்கரசி மெல்லக் கேட்டாள். “அவனப் பத்தி ஏதாவது சொல்லேன். சின்ன விஷயமா. நாளைக்கு நான் கேக்க மாட்டேம்லா.”

ஒரு சின்ன விஷயம் சொல்லியிருக்கலாம். சின்ன விஷயத்துக்கா பஞ்சம்? காய்ச்சலில் இடது காது போனபிறகு அவன் எல்லாவற்றையும் கத்திக் கத்திப் பேசுவது, கோயிலில் சாமியிடம் வேண்டுவதைக்கூட ஊருக்கே கேட்கும்படி வேண்டுவது, எதையாவது சொல்லியிருக்கலாம். பொற்கொடி சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

“சொல்ல மாட்டேன். வித்த சரக்குக்கு உரிமை கொண்டாடாத” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் எத்தனை தடவை அந்த வாசற்படியை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள் என்பதற்கு அளவில்லை.

பூட்டுப் போடுகிற மருத்துவமனையில் உறவினர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். டாக்டர் நர்கீஸ் என்கிற சின்ன வயசுப் பெண்தான் பொற்கொடிக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். அதுவும் பொற்கொடிக்குப் பிடிக்கவில்லை.

“அழிக்கிறதில்லைம்மா. ஒரு வீட்டுக்குப் போற வழியை எல்லாம் அடைச்சிடுற மாதிரி. வீடு உள்ளேயே இருக்கும். போக வழி இருக்காது.”

“பேரைக் கேட்டா?”

“ஊர்ல யாரோ ஒருத்தர் பேர்னுதான் தோணும். பூட்டு போட்டிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். எதைப் பூட்டியிருக்குன்னு தெரியாது.”

“பொறவு திறக்கலாமா?”

“முடியாதும்மா.” டாக்டர் உறுதிமொழியை அவள் பக்கம் திருப்பினாள். “இது முக்கியம். அந்த உறவைப் பத்தி நீங்க அவங்ககிட்ட சொல்லக்கூடாது. உறவுக்காரங்க சொல்லிட்டா பூட்டு உடைஞ்சதா சட்டம் எடுத்துக்கும். அதுவரைக்கும் அவங்க கொடுத்த தீர்ப்பெல்லாம் செல்லாமப் போயிடும். சொன்னவங்களுக்கு ஜெயில். வெளியாளோ பத்திரிகையோ சொன்னா தீர்ப்பு நிக்கும், ஆனா அவங்களுக்கும் ஜெயில் உண்டு.”

“எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம் இது?”

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். “படகுக் கட்சிதான். அவங்க கொண்டு வந்த நீதிபதி, இப்பத் தலைமை நீதிபதியா இருக்காரே, தேவசகாயம், அவரோட மருமகனுக்குத் தண்ணீர்க் கம்பெனியில பங்கு. அந்த மருமகனைப் பத்தின ஞாபகத்தைப் பூட்டிட்டாங்க. வழக்குல யாரும் மருமகன் கதையை இழுத்துடக் கூடாதில்ல? அதுக்காகப் போட்டது. பூட்டின உறவு சட்டத்தோட கண்ணுல உறவே இல்லைன்னு.”

பொற்கொடி வாயில் வந்த வார்த்தையை அந்தப் பெண்ணின் முகத்துக்காக அடக்கிக்கொண்டு, கைரேகை வைத்தாள். வைக்காவிட்டால் அக்காவைப் பார்க்கவே விடமாட்டார்கள்.

அடுத்த வாரம் வடிவுக்கரசி பதவியேற்றாள். படகும் கை தட்டியது, குடையும் கை தட்டியது. இரண்டு பக்கமும் தாங்கள்தான் மற்றவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வந்தாள். காதில் பொட்டு இல்லை. ஊளி மீன் குழம்பை ருசித்துச் சாப்பிட்டாள். ஏலக்கூடத்துக் கதைகளைக் கேட்டுச் சிரித்தாள். எல்லாம் பழைய அக்காதான். சின்ன வயசுப் பேச்சு வந்தபோது மட்டும், “நாம ரெண்டு பேரும்” என்றாள். நாம ரெண்டு பேரும் கடற்கரையில, நாம ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல. ஒவ்வொரு தடவையும் பொற்கொடி தட்டில் சோற்றைத் தள்ளித் தள்ளி வைத்தாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி எழுந்து போனாள்.

சாயங்காலம் இருவரும் கடற்கரையில் நடந்தார்கள். அக்கா திடீரென்று நின்றாள்.

“ஏட்டி, ஒரு விஷயம் பாத்தியா? நான் யாருகூட நடந்தாலும் அவங்க சோத்தாங்கைப் பக்கமாவே நடக்கேன். அந்தப் பக்கம் இடமில்லன்னாகூட சுத்தி வந்து அங்கதான் நிக்கேன். கோர்ட்டு டவாலி சொல்லுதான். எனக்கு எப்பத்துல இருந்து இந்தப் பழக்கம்?”

இசக்கிக்கு ஆறு வயசு இருக்கும்போதிருந்து. இடது காது செத்துப் போனவனுக்கு வலது பக்கம் நின்று பேசினால்தான் கேட்கும். முதலில் பழகிக்கொண்டவள் அக்கா. அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழகினார்கள்.

“பழக்கம்னா பழக்கம்தான். என்னத்தக் கண்டே?” என்றாள் பொற்கொடி. ஒரு மனுஷியை இப்படிக் குடைந்து எடுத்துவிட்டு, தேங்காய்த் தொட்டியை மூடி வைத்தது போல மூடி அனுப்பியிருக்கிறார்களே, பாவிகள். அவர்கள் கையில் புழு வைக்க.

வழக்கு விசாரணைக்கு வந்தது. பொற்கொடி போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் விடிந்ததும் கால் தானாக உச்சமன்றத்துக்கு நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் ஒரு பக்கம் கோமதிநாயகம், மறு பக்கம் பொன்னுரங்கம். இரண்டு பேருக்கும் புதுச் சட்டை.

மூன்றுக்கு மூன்று வழக்கம்போலப் பேசினார்கள். படகு நீதிபதிகள் போலீசின் கஷ்டத்தைப் பற்றிக் கேட்டார்கள், குடை நீதிபதிகள் மக்களின் கண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவர்கூட வழக்கைப் பற்றிக் கேட்கவில்லை. வடிவுக்கரசி காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அரசு வழக்கறிஞர் திருவேங்கடம் தெம்பாக முடித்தார்.

“மூன்று முறை ஒலிபெருக்கியில் எச்சரிக்கப்பட்டது. கூட்டம் கலையவில்லை. சுட வேண்டிய கட்டாயம் களத்தில் இருந்த அதிகாரிகளுக்கு ஏற்பட்டது. அமைச்சருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.”

வடிவுக்கரசி நிமிர்ந்தாள். “ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருந்தது?”

திருவேங்கடம் திகைத்தார். “புரியவில்லை, கனம் நீதிபதி அவர்களே.”

“கிடங்கு வாசலைப் பார்த்து மக்கள் நின்றார்கள். அவர்களுக்கு இடது பக்கமா, வலது பக்கமா?”

உதவியாளர்கள் காகிதத்தைத் தேடினார்கள். “இடது பக்கம்.”

“பிரேதப் பரிசோதனை அறிக்கைப்படி இறந்தவர்களில் ஒருவருக்கு இடது காது கேட்காது. இந்த அறிக்கையைத் தாங்கள் படித்தீர்களா?”

பொற்கொடி எழப் போனாள். முன்னிருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருவருக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம்...”

“அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருந்தால் அவரை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார்களே. ஒருவரும் ஓடவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் யாருக்காவது கேட்டதா என்று பார்க்க நினைத்தேன். அன்று அந்தத் தெருவுக்கு மின்சாரம் காலையிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. மின்வாரியத்தின் பதிவு அரசுத் தரப்பே கொடுத்த ஆவணத்தில் இருக்கிறது. தெருக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி எதில் ஓடியது? மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது அமைச்சரின் அலுவலகம். முதல் குண்டுக்கு முன்னால். எச்சரிக்கப் போகிறவர் ஏன் மின்சாரத்தை நிறுத்துகிறார்?”

ஐந்து வருஷமாக அந்த ஆவணம் எல்லோர் மேஜையிலும் கிடந்தது. யாரும் திறக்கவில்லை. படகு நீதிபதிகளுக்குத் திறக்க அவசியமில்லை, முடிவு ஏற்கனவே தெரியும். குடை நீதிபதிகளுக்கும் அப்படியே. கட்சிக் கணக்கு இல்லாத ஒருத்தி உட்கார்ந்ததும்தான் அது படிக்கப்பட்டது.

கோமதிநாயகத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! திரும்பித் திருவேங்கடத்துக்குக் கண்ணைக் காட்டினார். திருவேங்கடம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“கனம் நீதிபதி அவர்களே, ஒரு முக்கியமான ஆட்சேபணை. இறந்தவர்களில் ஒருவருக்கும், இந்த அமர்வில் இருக்கும் ஒரு...”

“நிறுத்தும்!”

கத்தியது தலைமை நீதிபதி தேவசகாயம். படகுக் கட்சியே உட்கார வைத்த, மருமகனைப் பூட்டிக்கொண்ட அதே தேவசகாயம். பூட்டிய உறவை மன்றத்தில் இன்று ஒருவன் இழுத்தால், நாளைக்கு மருமகன் கதையையும் இழுப்பார்கள். எதைப் பூட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தன் தலைக்குள்ளும் ஒரு பூட்டு இருக்கிறது, அது தன் பதவிக்கே காவல் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

“இந்த மன்றத்தில் பூட்டிய உறவு எதுவும் கிடையாது. இன்னொரு வார்த்தை பேசினால் இங்கிருந்தே சிறைக்குப் போவீர். அது உங்கள் அரசு போட்ட சட்டம்தான், ஞாபகம் இருக்கிறதா?”

திருவேங்கடம் திறந்த வாயை மூடினார். அந்த மூடிய வாயைப் பார்த்த கணத்தில்தான் பொற்கொடிக்கு மண்டையில் அடித்தாற்போல் எல்லாம் விளங்கியது.

பூட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், தம்பியின் வழக்கு என்று அக்கா எழுந்து போயிருக்க வேண்டும். ரத்த சம்பந்தம் உள்ளவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அது பழைய சட்டம். மூன்றுக்கு மூன்று என்று வழக்கு அப்படியே தொங்கியிருக்கும். நான் உள்ள போயி, அப்புறம் ஒதுங்கி நின்னா யாருக்குட்டி பிரயோசனம்? அன்று காதுப்பொட்டில் கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை அவளால். தம்பிக்கு நியாயம் சொல்ல வேண்டுமானால் தம்பியையே விட வேண்டும். அவர்கள் போட்ட வலையிலேயே அவர்களைப் பிடிக்கத் தெரிந்தேதான் தலையைக் கொடுத்திருக்கிறாள். அவளை விலைக்குப் போனவள் என்று இந்த வாய்தானே சொன்னது?

கோபம் இல்லாதவர்கள் எல்லாரும் தங்கள் பக்கம் என்று நினைத்தார்கள் படகுக்காரர்கள். கொலையைக் கொலை என்று சொல்ல, செத்தவனின் அக்காவாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அடிமடையர்கள். படிக்கத் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

சாயங்காலம் தீர்ப்பு. நான்குக்கு மூன்று. சுட உத்தரவிட்டது அமைச்சர் கஜபதிதான், அவர் குற்றவாளி, பதவியில் நீடிக்க முடியாது, இன்றே காவலில் எடுக்க வேண்டும். பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். அவர் உட்காருவதற்குள் தீர்ப்பின் அடுத்த பகுதி வந்தது. அந்தக் கோடையில் தண்ணீர்க் கிடங்கைக் கம்பெனிக்குக் கொடுக்க சட்டம் போடும் மாமன்றத்தில் கை தூக்கிய குடைக் கட்சி உறுப்பினர்களையும் விசாரிக்க வேண்டும். இதற்கு மட்டும் படகு நீதிபதிகள் மூவரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பொன்னுரங்கம் மெதுவாக உட்கார்ந்தார். அவரும் கை தூக்கியவர்தான்.

பிறகு வடிவுக்கரசி இறந்தவர்களின் பெயர்களை வாசித்தாள். பூட்டுப் போட்ட நீதிபதிக்குக் கொடுக்கும் காகிதத்தில் தகப்பன் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. வெறும் பெயரும் வயதும்தான்.

“சந்தனமாரி, நாற்பத்திரண்டு. இசக்கிமுத்து, இருபத்தாறு. காசிம், பத்தொன்பது.”

எந்தப் பெயரிலும் நிற்கவில்லை. எல்லாப் பெயரையும் ஒரே மாதிரி, தெளிவாக, மரியாதையோடு வாசித்தாள். இசக்கியின் பெயர் காசிமின் பெயர் போலவே போய்விட்டது. யாருக்காக ஜெயித்தோம் என்று ஜெயித்தவளுக்கே தெரியாது. பொற்கொடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது. ஒரு கொலைக்கு நியாயம் கேட்க இன்னொரு கொலை செய்ய வேண்டியிருக்கிற நாட்டில் எதைக் கொண்டாடுவது?

வெளியே தாழ்வாரத்தில் வடிவுக்கரசி கறுப்பு அங்கியோடு வந்துகொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் நின்றாள்.

“நீ எங்கட்டி இங்க? ஏலம் இல்லையா?” அருகில் வந்து முகத்தைப் பார்த்தாள். “ஏன் அழுவுத?”

“அழல.”

“பொய் சொல்லாத. கண்ணெல்லாம் செவந்து கிடக்கு.” அவள் குரல் இறங்கியது. “செத்துப்போனவங்கள்ல உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?”

பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முத்துத்துறை முழுக்கக் கேட்கும்படி ஏலம் கூவுகிற தொண்டை அது. ஒரு தடவை சொன்னால் போதும். சொன்னால் அக்காவுக்குத் தம்பி கிடைப்பான். சொன்னால் தீர்ப்பு செல்லாது, விடிவதற்குள் கஜபதி கழுத்தில் மாலையோடு வெளியே வருவான். தூணுக்குப் பின்னால் கோமதிநாயகத்தின் ஆள் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறக்கத்தான் அவன் காத்திருந்தான்.

“இல்லக்கா” என்றாள் பொற்கொடி. “தெரிஞ்சவங்க யாரும் இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“கோவம்.”

“யாரு மேல?”

“எல்லார் மேலயும்.”

வடிவுக்கரசி தலையாட்டினாள். “எனக்கு ஏனோ வரவே மாட்டேங்கு. நீ வச்சுக்கோ” என்றாள். சொல்லிவிட்டு, இதை எப்போதோ சொன்னது போல ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு விட்டுவிட்டாள்.

தாழ்வாரத்தின் வலது பக்கம் முழுக்க நிருபர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. வடிவுக்கரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சுற்றி வந்து, தங்கையின் சோத்தாங்கைப் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

“சத்தமாப் பேசுட்டி, கூட்டத்துல கேக்காது” என்றாள். பொற்கொடி எதுவும் பேசாமல் அவளோடு நடந்தாள்.